அப்பா பாதியில விட்ட தோட்டத்து வரலாறு: 11 சிடி, 2 ஹார்ட் டிஸ்க், எங்க ஆரம்பிக்கிறது?

செந்தூல்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா படிச்சு யாராவது வழி சொல்லுங்க.

எங்கப்பா தமிழ்ப்பள்ளி வாத்தியாரா இருந்து 2005ல ரிட்டயர் ஆனவர், இப்ப பட்டர்வொர்த்துல என் தம்பி வீட்டுல இருக்கார். அவர் பொறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் செபராங் பிறை பக்கம். இப்ப அங்க தோட்டம் கிடையாது, தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துருச்சு, பெட்ரோல் ஸ்டேஷன் வந்துருச்சு, மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். அந்த தோட்டத்து வரலாறை புத்தகமா போடணும்னு ரிட்டயர் ஆனதுலேர்ந்து எழுதிட்டே இருந்தார். பழைய ஆளுங்க வீட்டுக்கெல்லாம் மோட்டார்ல போயி பேச வச்சு ரெக்கார்ட் பண்ணுவார், அவங்க இரும்புப் பெட்டியில கிடக்குற போட்டோவ வாங்கிட்டு வந்து ஸ்கேன் பண்ணிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்துருவார். புத்தகம் மட்டும் வரவே இல்ல. இப்ப கண்ணு ரொம்ப மங்கிருச்சு, ஸ்க்ரீன் பார்க்க முடியல. போன தீபாவளிக்கு போயிருந்தப்ப ஒரு பிஸ்கட் டின்னையும் லேப்டாப் பேக்கையும் என் கையில கொடுத்து "நீயே ஒரு வழி பண்ணிரும்மா"ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிட்டார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.

டின்ல 11 சிடி, 5 பென்டிரைவ், 2 ஹார்ட் டிஸ்க். கோலாலம்பூருக்கு வந்ததும் கையில கிடைச்சத எல்லாம் என் கூகல் டிரைவ்ல ஏத்திட்டேன், அதுல 15 ஜிபி ரொம்பி இப்ப எனக்கு மெயிலே வர மாட்டேங்குது, ஆபிஸ்ல அனுப்புறவங்களுக்கு திரும்பிப் போகுதாம். போன்லயும் இடம் இல்ல, தோட்டத்து ஆளுங்க வாட்சப் குரூப் ஒண்ணு இருக்கு, தினமும் காலை வணக்கம் பூ படம் ஐம்பது வரும், நடுவுல திடீர்னு யாராவது 1960கள்ல எடுத்த கல்யாண போட்டோவ போட்டுருவாங்க, அதனால அழிக்கவும் மனசு வரல.

எல்லாத்தையும் விட கஷ்டம் எழுத்து. "தோட்ட வரலாறு பைனல்", "பைனல் புதுசு", "பைனல் 3", "அச்சுக்கு" இப்படி 37 ஃபைல் எண்ணினேன். திறந்தா தமிழே இல்ல, ஆங்கில எழுத்தும் செமிகோலனுமா இருக்கு. கெட்டுப் போச்சா? எதை வச்சுக்கறது, எதை அழிக்கறது, எங்க ஆரம்பிக்கறது? ராத்திரி அந்த டின்ன பார்த்தாலே தூக்கம் வர மாட்டேங்குது.

டிடிபி அக்கா:

தங்கச்சி முதல்ல பயப்படாதீங்க, உங்கப்பா எழுதுனது ஒரு எழுத்து கூட கெட்டுப் போகல. நான் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு அச்சகத்துல 1990கள்லேர்ந்து 14 வருஷம் தமிழ் டைப்செட்டிங் பண்ணவ, கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாம் என் கை பட்டுத்தான் வெளிய போச்சு, அதனால தைரியமா சொல்றேன்.

நீங்க பார்க்குறது பெரும்பாலும் பாமினி ஃபாண்ட்ல அடிச்சது. அந்தக் காலத்து ஃபாண்ட் என்ன பண்ணும்னா ஆங்கில எழுத்து இருக்குற இடத்துல தமிழ் உருவத்தை உக்கார வச்சுரும். கம்ப்யூட்டருக்கு அது ஆங்கிலம்தான், நம்ம கண்ணுக்கு மட்டும் தமிழ். "தமிழ்"னு பாமினில அடிச்சா உள்ள ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு தான் இருக்கும், ஃபாண்ட் இல்லாத மெஷின்ல திறந்தா அந்த அஞ்சும் அப்படியே தெரியும். வேர்ட்ல அந்த வரி மேல கர்சர வச்சுட்டு மேல ஃபாண்ட் பேரு இருக்குற கட்டத்தை பாருங்க, உங்க மெஷின்ல ஃபாண்ட் இல்லாட்டியும் பேரு அங்க எழுதியிருக்கும். பாமினின்னு இருந்தா சந்தேகமே இல்ல. ஆங்கிலமா இல்லாம தலைமேல புள்ளியும் கோடும் வச்ச ஐரோப்பிய எழுத்தா தெரிஞ்சா அது டிஸ்கிங்கற இன்னொரு பழைய தமிழ் என்கோடிங்கா (எழுத்துக் குறியீட்டு முறை) இருக்கலாம், நம்ம முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சல்ங்கற சாஃப்ட்வேர்ல அடிச்சவங்க நிறைய பேரு கிட்ட அப்படித்தான் இருக்கும்.

என்எச்எம் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இலவசமா கிடைக்குது, எந்த என்கோடிங்னு சொல்லிட்டு போட்டா இப்ப எல்லா மெஷின்லயும் தமிழா தெரியுற யூனிகோடா மாத்திக் கொடுத்துரும். ரெண்டு விஷயம் கவனிங்க. உங்கப்பா நடுவுல மலாய் ஊர்ப்பேரையோ தோட்டத்து பேரையோ ரோமன் எழுத்துல அடிச்சிருந்தா அதையும் கன்வெர்ட்டர் தமிழா நினைச்சு உளறி வச்சுரும், கையாலதான் சரி பண்ணணும். இன்னொண்ணு கண்ணுக்கே தெரியாத தப்பு. சில ஃபாண்ட்லேர்ந்து மாத்தும்போது "ரி", "ர்" இருக்குற இடத்துல ரகரத்துக்கு பதிலா துணைக்கால் வந்து உக்காந்துக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா "மாரியம்மன்"னு தேடினா ஒண்ணுமே வராது. 200 பக்கத்துல மாரியம்மனே இல்லையான்னு நான் ஒரு தடவ அரை நாள் உக்காந்து தேடுனேன். மாத்தி முடிச்சதும் முதல் வேலையா துணைக்கால் கூட இகரக் குறி (ி) சேர்ந்து வர்ற இடம், புள்ளி சேர்ந்து வர்ற இடம் ரெண்டையும் மொத்தமா ரிப்ளேஸ் கொடுத்துருங்க.

"அச்சுக்கு"ன்னு இருக்கறது பேஜ்மேக்கர்ங்கற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் ஃபைலா இருக்கும்னு நினைக்கறேன். அதுக்கு பிறகு வந்த இன்டிசைன்ல, இப்ப உள்ளது அதை திறக்காது, பழைய சிஎஸ்6 வரைக்கும்தான் திறக்கும். உங்க கிட்ட இல்லன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, என் பழைய மெஷின் இன்னும் இருக்கு, திறந்து எழுத்த மட்டும் உருவித் தர்றேன். காசெல்லாம் வேணாம். அசல் ஃபைல் மேல மட்டும் சேவ் கொடுத்துறாதீங்க, காப்பி எடுத்து காப்பியில வேலை பாருங்க.

பாயான் லெப்பாஸ் தம்பி:

அக்கா, எழுத்துக்கு டிடிபி அக்கா சொல்லிட்டாங்க, நான் மெஷின் பக்கம் சொல்றேன், ஃபேக்டரில டேட்டா பேக்கப் பார்க்குறது தான் என் வேலை.

மொதல்ல சிடி. வேற எதையும் தொடாதீங்க, சிடி 11ஐயும் இந்த வாரமே காப்பி எடுங்க. வீட்டுல எழுதுன சிடி நம்ம ஊரு சூட்டுக்கும் ஈரத்துக்கும் நிக்காது, மேல் பூச்சு உரிய ஆரம்பிச்சா அவ்ளோதான். ஒரு டிரைவ்ல படிக்கலன்னா வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க, சில சமயம் பழைய லேப்டாப்ல உள்ள டிரைவ் படிச்சுரும். மார்க்கர்ல மேல என்ன எழுதியிருக்கோ அதையே ஃபோல்டர் பேரா வைங்க, அப்பா கையெழுத்த போன்ல ஒரு போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போட்டுருங்க.

லோயாட் பிளாசால புது ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு இல்ல ரெண்டு. ஒண்ணு உங்க கிட்ட, இன்னொண்ணு பட்டர்வொர்த்துல தம்பி கிட்ட. பீட்டர் குரோக்னு ஒரு போட்டோகிராபர் 3-2-1ன்னு ஒரு கணக்கு சொல்லுவார், மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், அதுல ஒண்ணு வேற ஊர்ல. செந்தூல்ல வெள்ளம் வந்தாலும் பட்டர்வொர்த்துல இருக்கும்ல.

இப்ப உங்க 15 ஜிபி. அது மெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்துத்தான், ஆண்ட்ராய்டா இருந்தா வாட்சப் பேக்கப்பும் அதுலயே போயி உக்காருது. அப்பா ஃபைல் எல்லாம் ரெண்டு டிஸ்க்லயும் ஏறி, ஒவ்வொரு ஃபோல்டர்லேர்ந்தும் நாலஞ்சு ஃபைல திறந்து பார்த்து ஓடுதுன்னு உறுதி ஆன பிறகு மட்டும் டிரைவ்லேர்ந்து எடுங்க. எடுத்தாலும் 30 நாள் குப்பைத் தொட்டில இருக்கும், அது வரைக்கும் இடம் காலியாகாது, அவசரம்னா தொட்டியையும் காலி பண்ணணும். மெயில் உடனே வேணும்னா மெயில்ல உள்ள பெரிய அட்டாச்மென்ட்லேர்ந்து ஆரம்பிங்க, கூகல் ஸ்டோரேஜ் பக்கத்துல பெருசுலேர்ந்து சிறுசா வரிசையா காட்டும், பத்து நிமிஷ வேலை.

கூகல் போட்டோஸ்ல ஜாக்கிரதை. அதுல அழிச்சா பேக்கப் ஆன படம் போன்லேர்ந்தும் போயிரும், நிறைய பேரு கிளவுட்ல தான அழிச்சேன்னு நினைச்சு இழந்துட்டாங்க. போன்ல மட்டும் இடம் வேணும்னா அதுக்குன்னு தனி பட்டன் இருக்கு, அத அமுக்குங்க.

வாட்சப் குரூப்ல பழைய போட்டோ வரும்போது ஸ்டார் போட்டுருங்க, கிளியர் சாட் கொடுக்கும்போது ஸ்டார் போட்டத விட்டுட்டு மத்தத மட்டும் அழிக்கச் சொல்லலாம். ஆனா வாட்சப்ல வர்ற படம் சுருங்கித்தான் வரும், எடுத்த தேதியும் போயிரும். புத்தகத்துக்கு வேணும்னா போட்டவங்க கிட்ட டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லாட்டி நேர்ல போயி ஸ்கேன் பண்ணுங்க, சின்ன சைஸ் படம்னா 600 டிபிஐ.

ஒண்ணு விட்டுட்டேன், அப்பாவுக்கு ஜிமெயில் இருந்தா அதுல ஒரு தடவ உள்ள போயிட்டு வாங்க. ரெண்டு வருஷம் யாரும் தொடாத அக்கவுண்ட்ட கூகல் 2023 டிசம்பர்லேர்ந்து அழிச்சுட்டு வருது.

ஆயர் ஈத்தாம் அம்மா:

மகளே, மத்தவங்க சொன்னது எல்லாம் சரி. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா நாளைக்கே ஈடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த் போயிருவேன்.

எங்கம்மாவும் தோட்டத்துல பொறந்தவங்கதான். அவங்க போட்டோ ஆல்பத்த நான் மூணு மாசம் உக்காந்து ஸ்கேன் பண்ணேன், கறை எடுத்தேன், வெளிச்சம் சரி பண்ணேன், வருஷ வாரியா அடுக்குனேன். அடுக்கி முடிச்சுட்டு யார் யாருன்னு கேக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள அம்மாவுக்கு பேச்சு போயிருச்சு. படத்த காட்டுனா கண்ணுல தண்ணி வரும், விரல வச்சு காட்டுவாங்க, பேரு வராது. இன்னைக்கு என் கம்ப்யூட்டர்ல 212 படம் சுத்தமா அழகா இருக்கு, அதுல பாதிக்கு மேல யாருன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது.

ஃபைல் இன்னும் ஆறு மாசம் கழிச்சு மாத்திக்கலாம், அப்பாவால மட்டும் சொல்லக்கூடியத இப்பவே வாங்கிருங்க. கண்ணு மங்கல்னா படத்த பெருசா பிரிண்ட் போட்டு வெளிச்சத்துல பக்கத்துல உக்காந்து காட்டுங்க, நீங்க விவரிச்சு சொல்லுங்க, "இடது பக்கம் ஒரு பொம்பள, தலையில துணி கட்டியிருக்காங்க, கையில ரப்பர் பால் வாளி"ன்னு, அவர் பேசறத போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ஒவ்வொரு படத்துக்கும் ஆரம்பிக்கும்போது நம்பர வாய்விட்டு சொல்லுங்க, இல்லன்னா பிறகு எந்தப் படத்துக்கு எந்தக் கதைன்னு குழம்பிரும். ஒரு நாளைக்கு பத்து படத்துக்கு மேல வேண்டாம், வயசானவங்களுக்கு அது அழுத்தம்.

செந்தூல்காரி:

ஆயர் ஈத்தாம் அம்மா, உங்க பதில படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் ஓடல. இந்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்.

டிடிபி அக்கா சொன்ன மாதிரி பாமினிதான். மாத்திட்டேன், அப்பா எழுத்து கண் முன்னாடி வந்து நின்னுச்சு. ஆனா ஒண்ணு புரிஞ்சுது, 37 ஃபைல்ல 19 ஃபைல் முதல் அத்தியாயம்தான். மாகாண வெல்லெஸ்லில (செபராங் பிறையோட பழைய பேரு) கரும்புத் தோட்டம் வந்தது, ஒப்பந்தக் கூலி, கங்காணி, கப்பல்னு அதையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கார், அடிக்குறிப்பு மேல அடிக்குறிப்பு. அவர் வளர்ந்த காலம் ஒரே ஃபைல்ல 40 பக்கம், அதுவும் பாதி வாக்கியத்துல நிக்குது. இந்த 19ஐயும் சேர்த்து ஒண்ணாக்கி நான் முடிக்கணுமா? எனக்கு வரலாறு தெரியாதே.

ஆயர் ஈத்தாம் அம்மா:

வேண்டாம்மா. கரும்ப விட்டுருங்க. 1910ல ஒப்பந்தக் கூலி முறை நின்னது, 1938ல இந்தியா இங்க ஆள் அனுப்புறத நிறுத்துனது, இதெல்லாம் படிச்சவங்க நிறைய எழுதியாச்சு, யுனிவர்சிட்டி லைப்ரரில அலமாரி அலமாரியா இருக்கு. உங்கப்பா வாத்தியார், சரியா எழுதணுமேங்கற பொறுப்புல அந்த வாசல்லயே நின்னுட்டார், எனக்கு அது நல்லா புரியுது. ஆனா அவங்க தோட்டத்துல பெரட்டுக்கு (காலைல ஆள் கணக்கெடுக்கற கூட்டம்) மணி யார் அடிச்சாங்க, பிள்ளைங்கள பார்த்துக்குற ஆயாக் கொட்டகைல தூளி எத்தன தொங்குச்சு, கிராணி (தோட்டத்து கணக்கர்) வீட்டுக் கிணத்துல தண்ணி எடுக்க விட்டாங்களா, தோட்டம் வித்தப்ப எந்தக் குடும்பம் எங்க போச்சு, இத எழுத உங்கப்பாவ விட்டா ஆள் இல்ல. அந்த 40 பக்கம்தான் புத்தகம். அதுக்கு முன்னாடி கரும்புக் கதைய ரெண்டு பக்கத்துல சொல்லிட்டு தாண்டிப் போங்க.

பாயான் லெப்பாஸ் தம்பி:

அந்த 19ஐ அழிச்சுறலாம்க்கா, கடைசியா சேவ் பண்ண தேதி பார்த்து புதுச மட்டும் வச்சுக்கிட்டா போதும்.

டிடிபி அக்கா:

தம்பி, நான் ஒத்துக்க மாட்டேன். தேதிய நம்பாதீங்க. சிடிக்கு எழுதி திரும்ப காப்பி பண்ணும்போது சில சமயம் தேதி மாறிரும், சும்மா திறந்து சேவ் கொடுத்தாலே மாறிரும், பழைய ஃபைல் புதுசு மாதிரி நிக்கும். அச்சகத்துல தேதி பார்த்து தப்பான பைனல பிளேட்டுக்கு அனுப்பி ஒரு கோயில் மலர் முழுசும் திருத்தத்துக்கு முன்னாடி உள்ளது அச்சாகி வந்துச்சு, உபயதாரர் பேரெல்லாம் தப்பு, அந்தக் குருக்கள் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. வேர்ட்ல கம்பேர்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு ஃபைல கொடுத்தா எது கூடுதல் எது குறைச்சல்னு கலர்ல காட்டும். ஒரே பாராவுல ஒரு வரி கூடுதலா இருந்தாலும் அந்த வரி அப்பா யார்கிட்டயோ போயி கேட்டுட்டு வந்ததா இருக்கும். மிச்சத்த "பழசு"ன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு டிஸ்க்ல தூங்க விடுங்க, 19 வேர்ட் ஃபைல் எத்தன எம்பி வரப் போகுது. அழிக்கறதா இருந்தா ஒரே வீடியோ ரெண்டு தடவ இருக்கறதையும், ரெண்டு தடவ ஸ்கேன் பண்ணதையும் அழிங்க.

பாயான் லெப்பாஸ் தம்பி:

சரிக்கா, நீங்க சொல்றது நியாயம், தேதி விஷயம் யோசிக்கல. ஒரே படம் ரெண்டு தடவ இருக்கான்னு பார்க்க டூப்குருன்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமா இருக்கு, பேர பார்க்காம உள்ள என்ன இருக்குன்னு பார்த்து சொல்லும்.

செந்தூல்காரி:

ஆறு வாரம் ஆச்சு, சொல்லணும்னு வந்தேன்.

சிடில 9 முழுசா வந்துருச்சு. ஒண்ணு பாதி வந்துச்சு. ஒண்ணு வரவே இல்ல, மேல "கோயில் திருவிழா, பெரியவங்க பேச்சு"ன்னு அப்பா எழுதியிருந்தார், அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல. டூப்குருல ஓடவிட்டதுல 6,400 படம்னு நினைச்சது 1,900 ஆச்சு. மெயில் வருது. டிஸ்க் ஒண்ணு தம்பி வீட்டுல சாமி அறை அலமாரில இருக்கு, தம்பி பொண்ணுதான் அங்க வைக்கணும்னு சொன்னா.

மூணு வாரக் கடைசி பட்டர்வொர்த் போயிட்டு வந்தேன். 140 படம் பெருசா பிரிண்ட் எடுத்துட்டு போனேன், 61 முடிஞ்சுது. முதல் நாள் அப்பா ரொம்ப பேசல. கரும்பு அத்தியாயத்த ரெண்டு பக்கமா சுருக்கப் போறேன்னு சொன்னப்ப கோவிச்சுக்குவார்னு பயந்தேன், "ஆங், அது போதும்"னு சொல்லிட்டு மூக்குக் கண்ணாடிய கழட்டி துடைச்சுக்கிட்டே இருந்தார். பிறகு 17வது படம் காட்டுனேன், பால் நிறுக்கற இடத்துல பொம்பளைங்க வாளியோட வரிசையா நிக்கறாங்க. நான் ஆயர் ஈத்தாம் அம்மா சொன்ன மாதிரி இடது பக்கத்துலேர்ந்து விவரிச்சுட்டே வந்தேன், நாலாவது ஆளு ஒரு சின்னப் பொண்ணு, 13 வயசு இருக்கும், வாளி அவ முட்டிக்கு மேல வருது, ஒரு கால்ல மட்டும் செருப்புன்னு சொன்னேன். "இன்னொரு செருப்பு என் கால்ல"ன்னு சொன்னார். அது எங்க பெரிய அத்தை. அன்னைக்கு அப்பா பள்ளிக்கூடத்துக்கு போற வழியில அவர் செருப்பு அறுந்துருச்சாம், அத்தை தன்னோடதுல ஒண்ண கழட்டி கொடுத்துட்டு அப்படியே வேலைக்கு போனாங்களாம். அந்தப் படம் 20 வருஷமா அவர் கம்ப்யூட்டர்ல நம்பரும் எழுத்துமா ஒரு பேர்ல கிடந்துருக்கு, ஸ்கேனர் கொடுத்த பேரு.

அந்த 40 பக்கம் இப்ப 52 ஆயிருக்கு, அப்பா சொல்றத நான் அடிக்கறேன், தம்பி பொண்ணு வாசிச்சுக் காட்டறா, அவர் திருத்தம் சொல்றார். பெர்புஸ்தகாஆன் நெகாராவுல (தேசிய நூலகம்) ஐஎஸ்பிஎன் வாங்குறதுக்கு விசாரிச்சேன், 1986 சட்டப்படி அச்சடிச்சதும் 5 பிரதி அவங்களுக்கு கொடுக்கணும்னு சொன்னேன், அப்பா "அஞ்சா? அங்க வச்சுருப்பாங்களா?"ன்னு ரெண்டு தடவ கேட்டார்.

டிடிபி அக்கா, பேஜ்மேக்கர் ஃபைல் இன்னைக்கு ராத்திரி அனுப்பி வைக்கிறேன், 3 ஃபைல் இருக்கு. 23வது படத்துல தொப்பி போட்டு நிக்கிற கிராணி பேரு அப்பாவுக்கு வரல. பாகான் லுவார்ல ஒரு பாட்டி இருக்காங்க, 88 வயசு, அவங்க வீட்டுக்காரர் தோட்டத்து ஆபிஸ்ல வேலை பார்த்தவர், அவங்களுக்கு தெரியும்னு அப்பா சொல்றார். சனிக்கிழமை காலைல ரெண்டு பேரும் போறோம்.